ஓசூர் எல்லையில் வயிற்றைப் பார்க்கும் ஸ்கேனர் வேண்டுமா, வேண்டாமா?

சூளகிரி சரவெடி:
போதைப்பொருள் கேப்ஸ்யூலை விழுங்கிக்கொண்டு விமானத்தில் வந்த குருவி பிடிபட்டார் என்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவ்வப்போது செய்தி வருகிறது. பிடிபட்டவர் கதை பேப்பரில் வந்துவிடும். பிடிபடாதவர் எங்கே போகிறார்? பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று நம் வாசல் வழியாகவே சென்னைக்கோ சேலத்துக்கோ போகலாம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் பையைப் பிரிக்கிறார்கள், டிக்கியைத் திறக்கிறார்கள். வயிற்றை யார் பார்ப்பது?

ஒரு ஆள் 80 கேப்ஸ்யூல் விழுங்குகிறான், ஒன்று 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 கிராம். ஹெராயினில் 250 கிராமைத் தாண்டினாலே போதைப்பொருள் சட்டத்தின் கணக்கில் அது வணிக அளவு, 10 வருஷத்துக்குக் குறையாத சிறை. கொகைன் என்றால் 100 கிராமைத் தாண்டினாலே போதும். அவ்வளவு சரக்கு சட்டைக்கு வெளியே தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறது. எல்லையில் ஒரு ஸ்கேனர் வைத்து, சந்தேகப்படுபவர்களை நிறுத்திப் பார்த்தால் என்ன தப்பு? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

அரூர் வக்கீல்:
மடியைக் காட்டச் சொன்னால் பரவாயில்லை தம்பி. நீங்கள் குடலைக் காட்டச் சொல்கிறீர்கள்.

முதலில் எந்தச் சட்டத்தில் நிறுத்துவீர்கள்? உடம்புக்குள் எக்ஸ்ரே எடுக்க வெளிப்படையாக அதிகாரம் தருவது 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 103ஆவது பிரிவு. அது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவருக்கும், வெளிநாடு கிளம்புபவருக்கும், சுங்கப் பகுதிக்குள் இருப்பவருக்கும்தான். பெங்களூரில் பஸ் ஏறி கிருஷ்ணகிரியில் இறங்கும் ஆளுக்கு அது பொருந்தாது. அந்தப் பிரிவிலேயே எத்தனை படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். சுங்க நிலையத்துக் கருவியில் ஸ்கேன் பண்ணவே ஆளின் சம்மதமும், உதவி ஆணையர் அல்லது துணை ஆணையரின் முன் அனுமதியும் வேண்டும். அது இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அவர் உத்தரவிட்டால் தகுதியுள்ள கதிரியக்க மருத்துவர் படம் எடுத்து, அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்குத்தான் தர வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கும் மறுபடி மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டும், டாக்டர் மேற்பார்வையில். பெண் என்றால் பெண் டாக்டர் மேற்பார்வையில் மட்டும். "ஆமாம், வயிற்றில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று அவரே ஒத்துக்கொண்டால் இத்தனை படியும் தேவையில்லை.

இவ்வளவையும் செக்போஸ்ட் கூரையின் கீழ் இரண்டு கான்ஸ்டபிளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வைத்துச் செய்வீர்களா?

டார்க்ரூம் டெக்னீஷியன்:
கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. சட்டம் வக்கீல் சாரிடம் இருக்கட்டும், படத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்கேனர் ஸ்கேனர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். விமான நிலையங்களில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டு மில்லிமீட்டர் அலை வகை. அது துணியைத் தாண்டும், தோலைத் தாண்டாது. இடுப்பில் ஒட்டியது தெரியும், விழுங்கியது தெரியவே தெரியாது. வயிற்றுக்குள் பார்க்க எக்ஸ்ரே வேண்டும், இல்லை என்றால் சி.டி.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? படுக்க வைத்து வயிற்றுக்கு ஒரு படம். மலம் படத்தில் மாவு மாதிரித் திட்டுத்திட்டாக, உள்ளே காற்றுக் குமிழிகளோடு, ஒழுங்கே இல்லாமல் தெரியும். விழுங்கிய பொட்டலங்கள் அப்படி இருக்காது. எல்லாம் ஒரே அளவு, ஒரே முட்டை வடிவம், ஓரம் வழவழவென்று வெட்டினாற்போல இருக்கும். ரப்பர் உறைக்கு மேல் உறை போட்டுக் கட்டும்போது நடுவில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். அது பொட்டலத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையமாக விழும். முடிச்சுப் போட்ட நுனியும் சில சமயம் பூ மாதிரித் தெரியும். பெருங்குடலில் அடுத்தடுத்து இணையாக அடுக்கி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இது எல்லாம் நன்றாகத் தெரிகிற படத்தின் கதை. கொகைனின் அடர்த்தி பல சமயம் மலத்தின் அடர்த்திக்குப் பக்கத்திலேயே இருக்கும். காற்று இல்லாமல் இறுக்கமாகக் கட்டியிருந்தாலோ, திரவமாகக் கரைத்து அடைத்திருந்தாலோ எக்ஸ்ரேயில் சுலபமாகக் கோட்டை விடுவோம். படம் சுத்தம் என்றால் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை. சி.டி.யில் பெரும்பாலும் தப்பாது, அதிலும் திரையின் கறுப்பு வெள்ளை அளவை நுரையீரல் பார்க்கும் அமைப்புக்கு மாற்றிப் பார்த்தால் அந்தக் காற்று வளையம் பளிச்சென்று தெரியும். இதற்கென்று எடுக்கும்போது கதிரைக் குறைத்து எடுக்கலாம்.

கதிர்க் கணக்கும் கேளுங்கள். வயிற்று எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.7 மில்லிசீவர்ட். வழக்கமான வயிற்று சி.டி. 8, 10 வரை போகும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மாவே நமக்கு வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 வருகிறது. ஒரு தடவை எடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வேலைக்காக அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் தினமும் போய்வருகிற ஆளைச் சந்தேகம் சந்தேகம் என்று நிறுத்தினால்? இன்னொன்று, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எக்ஸ்ரே கருவியை எங்கேயும் இயக்க முடியாது. ரோட்டோரம் டெண்ட் அடித்து வைக்கிற சாமான் இல்லை அது.

ஓய்வு ஏட்டு:
நான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீலுக்கும் எனக்கும் ஒத்துப்போவது அபூர்வம், இதில் ஒத்துப்போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்கு.

விழுங்கினவன் விமானத்தில் மலம் வராமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு மணி நேரமும் அவன் உயிருக்கு ஆபத்து, அது அவனுக்கும் தெரியும், அனுப்பினவனுக்கும் தெரியும். இறங்கினதும் என்ன செய்வான்? அந்த ஊரிலேயே லாட்ஜ் எடுத்து, பேதி மருந்து சாப்பிட்டு, வெளியே எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவான். அதைச் சுமந்துகொண்டு கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்பானா? ஓசூருக்கு அந்தச் சரக்கு வருவதாக இருந்தால் பைக் சீட்டுக்கு அடியிலோ பார்சலிலோ வரும், குடலில் வராது.

நம் ரோட்டில் பிடிபடுவதில் பெரும்பங்கு கஞ்சா. ஆந்திரா, ஒடிசா பக்கத்திலிருந்து இரண்டு கிலோ இரண்டு கிலோவாக அமுக்கி, பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம். கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. அதை யார் விழுங்க முடியும்? விழுங்குகிற, உடம்பில் சொருகுகிற பழக்கம் உள்ளூரில் இருப்பது ஒரே இடத்தில்தான். ஜெயில். ஸ்கேனர் வைக்க வேண்டும் என்றால் ஜெயில் வாசலில் வையுங்கள். பிரிட்டனில் 2020இலிருந்து ஆண்கள் சிறைகளில் எக்ஸ்ரே ஸ்கேனர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு கைதியை வருஷத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

சூளகிரி சரவெடி:
ஏட்டையா, எல்லாக் குருவியும் இறங்கின ஊரிலேயே இறக்கிவிடுவான் என்று எழுதி வைத்திருக்கிறதா? சென்னையில் கொடு என்று சொன்னால் சென்னைக்குத்தான் போவான். விமானம் மாறினால் இன்னொரு சோதனை, பஸ்ஸில் ஒன்றும் கிடையாது. அந்த ஓட்டையைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் வக்கீல் சார், சுங்கச் சட்டம் பொருந்தாது, சரி. பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 51ஆவது பிரிவு இருக்கிறதே? பழைய சட்டத்தில் 53. கைதானவர் உடம்பைப் பரிசோதித்தால் சாட்சியம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் கேட்டு டாக்டர் பரிசோதிக்கலாம், தேவையான அளவு பலமும் பிரயோகிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் எஸ்.ஐ. கேட்க வேண்டும், இப்போது எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் போதும். அமெரிக்காவில் 1985இல் ஒரு வழக்கு. பொகோட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்த பெண்ணைச் சந்தேகத்தின் பேரில் 16 மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் உள்ளிருந்து 88 பலூன் கொகைன் வந்தது. உட்கார வைத்தது சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பாலக்கோடு தக்காளி:
எதற்கு இத்தனை பிரிவு? சந்தேகமா, ஒரு டம்ளர் விளக்கெண்ணெய். அரை நாளில் தானாகச் சாட்சியம் வந்துவிடும். செலவு ஐம்பது ரூபாய். 😄

நைட் டியூட்டி:
தக்காளி அண்ணா, சிரிப்பு வந்தது, உண்மை. ஆனால் அதைச் செய்து வையாதீர்கள்.

நான் தர்மபுரி பக்கத்து டாக்டர். எண்ணெய் வகைப் பேதி மருந்து ரப்பர் உறையை இளக்கிவிடும். குறிப்பாகப் பாரஃபின் கொடுக்கவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். உறை கிழிந்தால் 10 கிராம் கொகைன் ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறும். ஹெராயின் என்றால் நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, மூச்சு நின்றாலும் இழுத்துப் பிடிக்கலாம். கொகைனுக்கு மாற்று மருந்தே கிடையாது. வலிப்பு, உடம்புச் சூடு, இதயம் தாறுமாறாக அடிக்கும். உடனே தியேட்டருக்குள் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கலாமே என்று கேட்பார்கள். இடுக்கி பட்டுக் கிழிந்தால் நாமே கொன்ற மாதிரி.

நிஜத்தில் செய்வது அலுப்பான வேலை. அறிகுறி ஒன்றும் இல்லை என்றால் குடலைக் கழுவி விடும் பாலி எத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கொடுத்து, மானிட்டர் மாட்டி, தானாக வெளியே வரும்வரை காத்திருப்பது. வார்டில் ஒரு கட்டில். பக்கத்தில் இரண்டு போலீஸ். ஒவ்வொரு தடவையும் பெட்பேனில் வந்ததைக் கழுவி எண்ணி எழுதுவது. "எத்தனை விழுங்கினாய்?" என்று கேட்டால் சொல்லும் எண் ஒன்று, வரும் எண் ஒன்று. கடைசியில் இன்னொரு சி.டி. எடுத்து ஒன்றும் பாக்கி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப முடியும். சில சமயம் நாள் கணக்காகும். செக்போஸ்ட்டில் படம் எடுத்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று இங்கே பேசுகிறீர்கள். படம் எடுத்த நிமிஷத்திலிருந்து அவர் எங்கள் நோயாளி. அந்தக் கட்டிலையும் அந்த நர்ஸையும் யார் தருவது?

மருத்துவத்தில் இது புதிதும் இல்லை. 1973இல் டொரண்டோ டாக்டர்கள் எழுதிய முதல் கேஸே குடல் அடைப்போடு வந்த ஆள்தான். ஹஷீஷ் அடைத்த ஆணுறையை விழுங்கியிருந்தார்.

பென்னாகரம் மலர்:
இவ்வளவு நேரம் பேசினீர்களே, பெண் என்ற வார்த்தையை வக்கீல் சாரைத் தவிர யாரும் யோசித்துச் சொல்லவில்லை. 88 பலூன் கதையில் வந்த அந்த அம்மாவும் எக்ஸ்ரே என்றதும் "நான் கர்ப்பம்" என்றுதான் சொன்னார். பிறகு சோதித்ததில் இல்லை என்று வந்தது, சரி. நம் ஊரில் ஒருத்தி அதையே சொன்னால், அது உண்மையாகவே இருந்தால்? ராத்திரி பதினோரு மணிக்கு ஜூஜூவாடியில் பெண் டாக்டர் எங்கிருந்து வருவார்?

கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே வேண்டாம், அல்ட்ராசவுண்ட் பாருங்கள் என்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கருவி என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? பெண் சிசுவுக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த ஊர்கள் இவை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டமே வந்த பிறகும் வீட்டுக்குள் கையடக்க ஸ்கேன் கருவியை வைத்து ஆணா பெண்ணா என்று சொன்ன கும்பல்கள் தர்மபுரியில் பிடிபட்டிருக்கின்றன. அதனால்தான் பதிவு செய்த இடத்தில், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் எழுதி வைத்துத்தான் ஸ்கேன் பண்ண வேண்டும் என்று இறுக்கினார்கள். இப்போது ரோட்டோரத்துக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறீர்கள். அதைச் சாயங்காலம் பூட்டி வைப்பது யார், சாவி யாரிடம்?

சூளகிரி சரவெடி:
மலர் அக்கா, கத்தியைக் கெட்டவன் எடுத்தான் என்பதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்போமா?

பென்னாகரம் மலர்:
ஆபரேஷனை ஆஸ்பத்திரியில் பண்ணுங்கள் என்கிறேன் தம்பி. பஸ் ஸ்டாண்டில் வேண்டாம்.

அரூர் வக்கீல்:
சரவெடி தம்பி 51ஆவது பிரிவைப் படித்திருக்கிறார், பாராட்டுகிறேன். ஆனால் அதன் முதல் நிபந்தனை கைது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை, முகம் பிடிக்கவில்லை என்று இறக்கிப் படம் எடுக்க அது இடம் தராது. இரண்டாவது, எந்தச் சோதனை தேவை என்று முடிவு செய்வது பரிசோதிக்கிற டாக்டர், மெமோ கொடுக்கிற ஏட்டு இல்லை. பெண்ணைப் பெண் டாக்டரோ அவர் மேற்பார்வையிலோதான் பரிசோதிக்க வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. உடையைச் சோதிக்கிற அளவுக்கே போதைப்பொருள் சட்டம் 50ஆவது பிரிவில், மாஜிஸ்திரேட்டையோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியையோ கேட்கும் உரிமை தந்திருக்கிறது. சட்டைப் பைக்கே அவ்வளவு என்றால் இரைப்பைக்கு?

உங்கள் 1985 வழக்கு நாட்டு எல்லையில் நடந்தது. எல்லை என்பதால்தான் அந்த நீதிமன்றம் அவ்வளவு தாராளம் காட்டியது. அங்கும் எக்ஸ்ரேக்கு மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கினார்கள். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் இருப்பது அந்த மாதிரி எல்லை இல்லை. அதே அமெரிக்காவில் 1952இல், இரண்டு மார்பின் கேப்ஸ்யூலை விழுங்கினவரைக் கட்டிப்போட்டு, குழாய் விட்டு வாந்தி எடுக்க வைத்த போலீஸைப் பார்த்து, இது மனசாட்சியை உலுக்குகிறது என்று தண்டனையையே ரத்து செய்தார்கள். ஜெர்மனியில் இப்படி வாந்தி மருந்து கொடுத்ததில் ஆட்கள் செத்தும் போனார்கள். 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, கால் கிராம்கூட இல்லாத ஒரு கொகைன் பொட்டலத்துக்காக.

எக்ஸ்ரே எடுப்பதும் வாந்தி எடுக்க வைப்பதும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் உச்ச நீதிமன்றமும் 1961லேயே கைரேகை மாதிரி உடம்பின் சான்று வேறு, வாயால் சொல்ல வைப்பது வேறு என்று பிரித்துவிட்டது. 2010இல் செல்வி வழக்கில், மருந்து கொடுத்து உண்மையைப் பேச வைக்கும் நார்கோ சோதனையைச் சம்மதமில்லாமல் செய்யாதே என்று சொன்னதும் அந்தப் பிரிவினையில் நின்றுதான். ஆக "எக்ஸ்ரே என்னை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறது" என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது. என் சண்டை அங்கே இல்லை. யாரை, எந்தக் காரணத்துக்கு, யார் கையெழுத்தில் என்பதில்தான்.

ஓய்வு ஏட்டு:
கையெழுத்து பற்றி ஒன்று. கைதானவனை ரிமாண்டுக்கு முன்னால் எப்படியும் ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போய் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். காரணம் இருந்தால் அங்கேயே டாக்டரிடம் சொல்லலாம். தனியாக ஒன்றும் கட்ட வேண்டாம்.

நைட் டியூட்டி:
சொல்லலாம் ஐயா. ஆனால் சொல்கிற விதம் இருக்கிறதே. "வயிற்றில் இருக்கிறதாம், ஒரு படம் எடுத்துப் போடுங்க" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி போட்டால் "அதெல்லாம் எதுக்கு டாக்டர்" என்பார்கள். எழுதித் தாருங்கள் என்றால் முகம் மாறும். உலக மருத்துவ சங்கம் 1993லேயே சொல்லியிருக்கிறது, உடம்புச் சோதனை செய்கிற டாக்டரும் அதே ஆளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று. நைட்டில் தனியாக இருக்கிற எனக்கு இரண்டாவது டாக்டர் யார்?

ஒன்றில் மட்டும் நான் சரவெடி பக்கம். நிஜமாகவே விழுங்கியிருந்தால், படம் எடுப்பது அந்த ஆளுக்கே நல்லது. லாக்கப்பில் உறை கிழிந்து ராத்திரி செத்துப் போவதைவிட மேல். அப்படிச் செத்தால் அது காவல் மரணம், யாரும் வயிற்றுக்குள் இருந்த பொட்டலத்தைப் பற்றி முதலில் பேச மாட்டார்கள். அதனால் என்னைக் கேட்டால் அது வைத்தியப் படம், வழக்குக்குப் பயன்பட்டால் பயன்படட்டும்.

டார்க்ரூம் டெக்னீஷியன்:
மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ரிப்போர்ட்டில் "கொகைன்" என்று எந்தக் கதிரியக்க மருத்துவரும் எழுத மாட்டார். "ஒரே அளவுள்ள பல அந்நியப் பொருள்கள்" என்றுதான் எழுதுவார். உள்ளே இருப்பது ஹெராயினா, தங்கப் பசையா, வெறும் மாவா என்பது வெளியே வந்து லேபுக்குப் போன பிறகுதான். தங்கம் என்றால் படத்திலேயே வெள்ளை வெளேரென்று கத்தும், அது வேறு. நாள்பட்ட மலச்சிக்கலில் இறுகிப்போன மலம், சுண்ணாம்பு படிந்த கட்டி, இதெல்லாம் அவசரத்தில் பார்ப்பவரை ஏமாற்றும். செக்போஸ்ட்டில் பயிற்சி இல்லாத ஆள் கையில் திரையைக் கொடுத்தால், மலச்சிக்கல் உள்ளவன் எல்லாம் குருவி.

பாலக்கோடு தக்காளி:
அப்படியானால் எங்கள் மாமா ஆயுள் தண்டனைக் கைதி.

சூளகிரி சரவெடி:
சரி, செக்போஸ்ட்டில் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் நிற்கிறீர்கள். ஸ்கேன் வேண்டும் என்பதில் நான் இறங்கிவரவில்லை. இடத்தை மாற்றிக் கேட்கிறேன். கைதானவர், எழுத்தில் காரணம், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் கதிர் குறைத்த சி.டி., அழைத்தால் வரும் பெண் டாக்டர், வார்டில் ஒரு கட்டில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறேன். வக்கீல் சார், இதிலும் ஓட்டை இருக்கிறதா?

அரூர் வக்கீல்:
"எழுத்தில் காரணம்" என்பதை விரித்து எழுதுங்கள். "நம்பத் தகுந்த ரகசியத் தகவல்" என்ற ஒரே வரியை எல்லா எஃப்.ஐ.ஆரிலும் போடுகிறார்கள், மனுவிலும் அதுவே நுழைந்துவிடும். என்ன பார்த்தார்கள், எதனால் வயிறு என்று நினைத்தார்கள் என்று இருக்க வேண்டும். ஆள் மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்றும் சேருங்கள். பிரிவு 51 பலத்துக்கு இடம் தருகிறதே என்று வாதாடாதீர்கள். துடிக்கிற ஆளை சி.டி. மேஜையில் அமுக்கிப் பிடித்து எடுத்தால் படமும் கலங்கும், கேஸும் கலங்கும்.

டார்க்ரூம் டெக்னீஷியன்:
அசைந்தால் படம் கலங்கும் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. எத்தனை குழந்தைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நைட் டியூட்டி:
கட்டிலோடு மானிட்டரையும் எழுதுங்கள் தம்பி. கட்டில் கேட்டால் வெறும் கட்டில்தான் வரும்.

ஓய்வு ஏட்டு:
ஜெயில் வாசலையும் மனுவில் சேருங்கள்.

சூளகிரி சரவெடி:
அது வேறு மனு ஏட்டையா. அதை நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.